பள்ளி லேபில் கிடக்கும் பழைய சிஸ்டத்துக்கு எந்த டெஸ்க்டாப்?

கடலூர் பக்கம் ஓர் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் கம்ப்யூட்டர் எடுக்கும் டீச்சர் ஒருவர் கேட்டிருக்கிறார். லேபில் 18 சிஸ்டம். 11-இல் டூயல் கோர், கோர் 2 டுயோ வகை, 2 ஜிபி ரேம். 4 ஐ3, அவற்றில் 4 ஜிபி. மிச்சம் 3-உம், பழைய மாணவர் ஒருவர் கொடுத்த குட்டி நெட்புக். எல்லாவற்றிலும் விண்டோஸ் 7. பெல் அடித்து, பிள்ளைகள் செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்து, அட்டெண்டன்ஸ் எடுத்து முடித்தாலும் டெஸ்க்டாப் முழுசாக வருவதில்லையாம். விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடலாம் என்றால், அதன் வகைகளில் ஒருவர் பப்பி போடச் சொல்கிறார், ஒருவர் லுபுண்டு என்கிறார், இன்னொருவர் ஆன்டிக்ஸ்தான் இருப்பதிலேயே லேசு என்கிறார், இதில் எதைப் போடுவது என்பது கேள்வி.

டீச்சர், முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தை அப்புறம் நிதானமாகப் படியுங்கள். டூயல் கோர், ஐ3 சேர்ந்த 15 சிஸ்டத்துக்கும் டெபியன் 13 என்ற லினக்ஸ், அதில் எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், அதாவது திரையில் தெரியும் பட்டை, மெனு, ஜன்னல் எல்லாம் சேர்ந்த பகுதி. நெட்புக் மூன்றுக்கும் ஆன்டிக்ஸ் 32 பிட், அதாவது பழைய வகை பிராசசருக்கான பதிப்பு. இதைப் போடுவதற்கு முன்னால், எத்தனை சிஸ்டத்துக்கு முடிகிறதோ அத்தனைக்கும் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக வேகமான எஸ்எஸ்டி. இருப்பதிலேயே லேசு எது என்று கேட்டதற்கு இது பதில் இல்லை, தெரியும். அந்தக் கேள்வியைக் கேட்டு நானே ஒருமுறை சூடு பட்டிருக்கிறேன்.

சில வருடம் முன்னால் புதுச்சேரிக்குத் தெற்கே ஒரு பள்ளியில் 10 சிஸ்டம் போட்டுக் கொடுத்தேன். இருப்பதில் லேசானதைத் தேடிப் பிடித்து, பட்டனையெல்லாம் குறைத்து, டெஸ்க்டாப்பில் ஓர் ஐகான்கூட இல்லாமல் வழித்து எடுத்து, ஆன் செய்தால் 150 எம்பி ரேம்கூடப் பிடிக்காத மாதிரி வைத்துவிட்டுப் பெருமையாக வந்தேன். பொங்கல் கழித்துப் போய்ப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். சார் ரொம்ப நல்லவர், திட்டவில்லை. "தம்பி, பென்டிரைவ் சொருகினா ஒண்ணுமே வரல, அதான் பசங்கள தொட வேணாம்னுட்டேன்" என்றார். அவ்வளவுதான் விஷயம். பென்டிரைவ் சொருகினால் தானாக ஒரு ஜன்னல் திறக்கும் என்று எதிர்பார்க்கிற மனிதரிடம், அது திறக்காத ஒன்றை லேசாக இருக்கிறது என்பதற்காகத் தள்ளிவிட்டு வந்திருக்கிறேன். மூடி வைத்த சிஸ்டம் 0 எம்பிதான் பிடிக்கும், அதைவிட லேசு எது?

அதனால் நான் இப்போது பார்க்கிற கணக்கு வேறு. நீங்கள் மாற்றல் ஆகிப் போனாலோ, பேறுகால விடுப்பில் போனாலோ, உங்களுக்குப் பதில் வருகிற ஆசிரியர் யாரையும் கேட்காமல் இதை ஓட்ட முடியுமா? பிள்ளைகள் ஏதாவது இழுத்துப் போட்டுவிட்டால் அவரால் சரிசெய்ய முடியுமா? இந்த இரண்டுக்கும் 'ஆமாம்' என்று வருகிறவற்றில் லேசானது எது என்று பார்த்தால் போதும்.

சரி, ரேம் கணக்கையும் பார்த்துவிடுவோம், ஏனென்றால் சண்டை எல்லாம் அதில்தான். ஆன் செய்து எதையும் திறக்காமல் விட்டால், ஐஸ்டபிள்யூஎம் என்ற குட்டி ஜன்னல் மேலாளர் வைத்த ஆன்டிக்ஸ் சுமார் 200 எம்பி, எல்எக்ஸ்கியூட்டி என்ற லேசான டெஸ்க்டாப் 400 பக்கம், டெபியன் எக்ஸ்எஃப்சிஇ 500-லிருந்து 600, குனோம் என்ற கனமான டெஸ்க்டாப் என்றால் 1 ஜிபிக்கு மேல். பதிப்புக்குப் பதிப்பு, சிஸ்டத்துக்குச் சிஸ்டம் முன்னே பின்னே இருக்கும். ஆக ஆன்டிக்ஸுக்கும் எக்ஸ்எஃப்சிஇக்கும் இடையில் நீங்கள் மிச்சம் பிடிப்பது 300, 400 எம்பி. இப்போது ஃபயர்பாக்ஸைத் திறந்து ஒரு டேபில் மெயில், ஒரு டேபில் யூடியூப் என்று வையுங்கள், எந்த டெஸ்க்டாப்பாக இருந்தாலும் அது ஒன்றே 1 ஜிபியைத் தாண்டும். சைக்கிளில் பெல்லையும் ஸ்டாண்டையும் கழற்றி எடை குறைத்துவிட்டு, கேரியரில் இரண்டு பண்ருட்டிப் பலாவைக் கட்டுகிற கதை. 1 ஜிபி ரேம் மட்டும் உள்ள சிஸ்டத்தில் அந்த 300 எம்பி பெரிய விஷயம், ஒத்துக்கொள்கிறேன். 2 ஜிபியில் அது இரண்டாம் பட்சம், 4 ஜிபியில் அதைப் பற்றிப் பேசவே வேண்டியதில்லை.

உங்கள் சிஸ்டம் ஏன் அட்டெண்டன்ஸ் முடிந்தும் எழுந்திருக்கவில்லை என்றால், பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க். பழைய டிஸ்கில் ஒரு முள் அங்கும் இங்கும் நகர்ந்துதான் படிக்க வேண்டும், சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை நொடிக்கு 100 இடத்தில் போய்ப் படித்தாலே அதிகம். பூட் ஆவது என்பதே ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்களைப் படிப்பதுதான். எஸ்எஸ்டியில் முள்ளே கிடையாது, நொடிக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கும். உங்கள் மதர்போர்டில் டிஸ்க்கை இணைக்கும் வழி பழைய சாட்டா 2 என்பதால் எஸ்எஸ்டியின் முழு வேகம் வராது என்று கடைக்காரர் சொல்லலாம். அது உண்மைதான், ஆனால் நமக்கு வேண்டியது பெரிய ஃபைலை இழுக்கிற வேகம் இல்லை, இந்தச் சின்ன ஃபைல் விஷயம்தான், அதனால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 120 அல்லது 128 ஜிபி போதும். அதற்குக் கீழே எது மலிவாகக் கிடைத்தாலும், அதற்கு மேலே எதை விற்கப் பார்த்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பணம் எல்லாவற்றுக்கும் போதாது என்றால், 15-க்கும் ரேம் ஏற்றுவதா, 8-க்கு எஸ்எஸ்டி போடுவதா என்று யோசிப்பீர்கள். முதலில் மதர்போர்டைப் பாருங்கள். டூயல் கோர் சிஸ்டத்தில் பாதி ஜி31 போர்டாக இருக்கும், அந்தக் காலத்தில் நம் ஊர் அசெம்பிள் சிஸ்டம் பெரும்பாலும் அதுதான். அது டிடிஆர்2 ரேம், அதிகபட்சம் 4 ஜிபிக்கு மேல் ஏற்காது. டிடிஆர்2 இப்போது புதிதாகத் தேடுவது வீண்வேலை, பழையதுதான் கிடைக்கும். சும்மா கிடைத்தால் வாங்குங்கள், காசு கொடுத்து ஏற்றாதீர்கள். ஐ3 நான்கும் எச்61 போர்டாக இருந்தால் அது டிடிஆர்3, 16 ஜிபி வரை தாங்கும், அவற்றுக்கு ஒரு 4 ஜிபி குச்சி சேர்த்தால் இன்னும் பல வருடம் ஓடும். சிஸ்டம் ஏதாவது உடைந்து போனால் அதிலிருந்து ரேமைக் கழற்றி அதே வகை இன்னொன்றுக்குப் போட்டு, எண்ணிக்கையைக் குறைப்பதும் தப்பில்லை. எண்ணிக்கை குறைகிறதே என்று ஸ்டாக் ரிஜிஸ்டர் வைத்திருப்பவர் முகம் சுளிப்பார், தலைமை ஆசிரியரிடம் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அரசு கொடுத்த ஹைடெக் லேப் சிஸ்டம் ஏதாவது இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள், அதற்கு வேறு பொறுப்பாளர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்று. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இன்டெல் 7-ஆம் தலைமுறையும் அதற்கு முந்தையதும் விண்டோஸ் 11-இன் பட்டியலில் அநேகமாக இல்லை. அதனால் அலுவலகங்கள் நல்ல நிலையில் உள்ள சிஸ்டங்களைக் கண்டம் செய்து ஓரம் கட்டுகின்றன, 4 ஜிபி, 8 ஜிபி எல்லாம் உள்ளவை. நமக்கு அவை ராஜா. பழைய மாணவர் சங்கத்தில் வங்கியிலோ கம்பெனியிலோ இருப்பவர்களிடம் பணமாகக் கேட்காமல் இதைக் கேட்டுப் பாருங்கள்.

இப்போது டெஸ்க்டாப். எக்ஸ்எஃப்சிஇ 1996-இல் தொடங்கியது, அடையாளம் ஓர் எலி. நான் அதைச் சொல்வதற்குக் காரணம் அது மாறாது என்பதுதான். மேலே ஒரு பட்டை, அதன் இடது ஓரம் மெனு, டெஸ்க்டாப்பில் ஐகான், பென்டிரைவ் சொருகினால் காட்டும். விண்டோஸ் 7 பழகியவர் 10 நிமிடத்தில் பிடித்துக்கொள்வார். அடுத்த பதிப்பு வந்தாலும் மெனு இருந்த இடத்தில்தான் இருக்கும். நோட்டில் எழுதிக் கொடுத்த குறிப்பு அடுத்த வருடமும் செல்லும். பள்ளிக்கு வேறு என்ன வேண்டும். ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: அமைப்புகளில் சாளர மேலாளர் நுணுக்கங்கள் என்று ஒன்று இருக்கும், அதில் கம்போசிட்டர் என்ற டேபில் டிக்கை எடுத்துவிடுங்கள். நிழல், மங்கல் எல்லாம் போய்விடும், பழைய இன்டெல் கிராஃபிக்ஸ் உள்ள சிஸ்டம் மூச்சு விடும்.

எல்எக்ஸ்கியூட்டியும் நல்லதுதான். லுபுண்டுவில் 2018 அக்டோபருக்குப் பிறகு வருவது அதுதான், அதற்கு முன் இருந்த எல்எக்ஸ்டிஇயை மனதில் வைத்து "லுபுண்டு 512 எம்பியிலேயே ஓடுமே" என்று சொல்பவர்கள் பழைய கதை பேசுகிறார்கள். உங்கள் 2 ஜிபி சிஸ்டத்தில் எக்ஸ்எஃப்சிஇ திணறுகிறது என்று உங்களுக்கே தோன்றினால் அதே டெபியனில் இதையும் சேர்த்து இறக்கி லாகின் திரையில் மாற்றிப் பார்க்கலாம், திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டாம். மாட்டே என்பது பழைய குனோம் 2-ஐ விட மனமில்லாதவர்கள் 2011-இல் பிரித்து எடுத்தது, தென்னமெரிக்காவில் குடிக்கும் ஒரு கஷாயத்தின் பெயர். எடையில் எக்ஸ்எஃப்சிஇ பக்கத்தில்தான் வரும், குறையொன்றும் இல்லை, கூடுதலாகச் சொல்லவும் ஒன்றும் இல்லை. குனோம், சினமன் உங்கள் 2 ஜிபி சிஸ்டத்துக்கு வேண்டாம்.

பப்பி தனி ரகம். 2003-இலிருந்து வருகிறது. மொத்தமும் ரேமில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், ஹார்ட் டிஸ்க்கே இல்லாமல் பென்டிரைவிலிருந்து ஓடும். செத்த சிஸ்டத்திலிருந்து ஃபைலை மீட்க நான் பையிலேயே ஒன்று வைத்திருக்கிறேன். ஆனால் 40 பிள்ளைகள் மாறி மாறி உட்காரும் லேபுக்கு அது சரிப்படாது. வழக்கமாக எல்லாமே நிர்வாகி உரிமையோடு ஓடும், யார் வேண்டுமானாலும் எதையும் அழிக்கலாம், சேமிப்பது எங்கே போகிறது என்று பிள்ளைக்கும் புரியாது, உங்களுக்கும் புரியாது.

பாண்டிக்காரன் என்பதால் ஒரு கிளைக்கதை. பிரான்சில் எம்மாவுஸ் என்ற அறக்கட்டளைச் சமூகங்கள் பழைய கம்ப்யூட்டரைத் தேற்றி விற்கின்றன, அவர்களுக்காகவே எம்மாபுண்டுஸ் என்று ஒன்றை உருவாக்கினார்கள். டெபியன்தான் அடியில், மேலே எக்ஸ்எஃப்சிஇயோ எல்எக்ஸ்கியூட்டியோ, கல்வி மென்பொருள் எல்லாம் முன்கூட்டியே ஏற்றி வைத்தது. நம்மைப் போலவே பழைய இரும்போடு மல்லுக்கட்டியவர்கள் கடைசியில் எங்கே வந்து நின்றார்கள் என்பதற்காகச் சொல்கிறேன், நீங்கள் போடுவதற்காக இல்லை. கேரளப் பள்ளிகளைப் பாருங்கள், முதலில் ஐடி அட் ஸ்கூல், இப்போது கைட் என்ற பெயரில் எல்லாப் பள்ளிக்கும் ஒரே லினக்ஸ், ஆசிரியர் பயிற்சியும் அதிலேயே. உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது, இருப்பதில் லேசானதெல்லாம் கிடையாது. எல்லோரிடமும் ஒரே மாதிரி இருக்கிறது, பக்கத்துப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டால் சொல்லிவிடுவார், அதுதான் அதன் பலம். நம் ஊரில் இலவச மடிக்கணினிகள் பலவற்றில் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. எத்தனை பேர் அதைத் திறந்து பார்த்தார்கள்? மென்பொருளில் குறை என்பதைவிட, சொல்லிக் கொடுக்கப் பக்கத்தில் ஆள் இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

டெபியன் 13 வந்தது 2025 ஆகஸ்டில். நீண்ட கால ஆதரவையும் சேர்த்தால் 2030 வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும், அதுவரை பதிப்பை மாற்ற வேண்டியதில்லை. இன்ஸ்டால் செய்யும்போது இரண்டு இடத்தில் எல்லோரும் சறுக்குவார்கள். ரூட், அதாவது தலைமை நிர்வாகிக் கணக்கின் பாஸ்வேர்டு கேட்கும்போது ஒன்றும் கொடுக்காமல் காலியாக விட்டுத் தாண்டுங்கள், அப்போதுதான் நீங்கள் உருவாக்கும் முதல் கணக்குக்கு நிர்வாகி உரிமை வரும். அப்புறம் டெஸ்க்டாப் தேர்வுப் பட்டியல் வரும், அதில் பொதுவாக டெபியன் டெஸ்க்டாப் என்று டிக் ஆகியிருக்கும், அதை மட்டும் அப்படியே விட்டால் குனோம் வந்து உட்கார்ந்துவிடும். எக்ஸ்எஃப்சிஇக்கு நேரே டிக் செய்யுங்கள், குனோமில் இருந்தால் எடுத்துவிடுங்கள். வைஃபை வேலை செய்யத் தேவையான ஃபர்ம்வேர் என்ற குட்டி மென்பொருளை முன்பு தனியாகத் தேடி அலைய வேண்டியிருந்தது, 12-ஆம் பதிப்பிலிருந்து இன்ஸ்டாலரிலேயே வருகிறது, அந்தத் தலைவலி தீர்ந்தது.

லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ ஏன் சொல்லவில்லை என்று யாராவது கேட்பார்கள். நல்லதுதான், அழகும் கூட. உங்கள் லேப் முழுக்க ஐ3யாக இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன். 2 ஜிபியில் அது கொஞ்சம் கனம். பாதிக்கு மின்ட், பாதிக்கு டெபியன் என்று பிரித்தால் திரும்பவும் "இந்த வரிசையில் மெனு வேற மாதிரி இருக்கு மிஸ்" என்று ஆரம்பிக்கும்.

நெட்புக் விஷயம். அதில் இருப்பது ஆட்டம் என்270 பிராசசராக இருந்தால் 32 பிட் மட்டும்தான். டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே கிடையாது, குரோம் லினக்ஸில் 32 பிட்டை 2016-லேயே விட்டுவிட்டது. ஆன்டிக்ஸ் 23 டெபியன் 12-ஐ அடியில் வைத்து 32 பிட்டும் தருகிறது, அதனால்தான் அது. இதில் இன்டர்நெட் வேண்டாம் என்று முடிவு செய்துவிடுங்கள். தட்டச்சுப் பழக, ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரைய, நூலகத்தில் அட்டவணை பார்க்க, அவ்வளவு போதும். மற்ற 15-உம் 64 பிட்டா என்று சந்தேகமாக இருந்தால் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும் டெபியன் லைவ் பதிப்பைப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து பாருங்கள், ஏறினால் 64 பிட். கோர் 2 டுயோ எல்லாமே ஏறும்.

பிரவுசர்தான் ரேமைத் தின்கிறது என்று சொன்னேன் இல்லையா, அதற்கு மருந்தும் சொல்ல வேண்டும். இசட்ரேம் என்று ஒன்று இருக்கிறது, ரேமில் சும்மா கிடக்கும் பகுதிகளை அங்கேயே சுருக்கி மடித்து வைக்கும், 2 ஜிபி சிஸ்டம் 3 ஜிபி மாதிரி நடந்துகொள்ளும். டெபியனில் இசட்ரேம் டூல்ஸ் என்ற பொதியை இறக்கினால் போதும். ஃபயர்பாக்ஸில் யுபிளாக் ஒரிஜின் போடுங்கள், விளம்பரம் போனாலே பாதிச் சுமை போய்விடும். யூடியூபை நேரடியாக ஓட்டாதீர்கள். அது இப்போது அனுப்பும் வீடியோ வடிவத்தை இந்தப் பழைய கிராஃபிக்ஸ் தானாகப் பிரித்துக் காட்டாது, முழு வேலையும் பிராசசர் தலையில் விழும், படம் விட்டு விட்டு ஓடும். பாட வீடியோ என்றால் வீட்டில் 480-இல் எம்பி4 ஆக இறக்கி பென்டிரைவில் கொண்டுவந்து விஎல்சியில் போட்டால் அதே டூயல் கோர் சமர்த்தாக ஓட்டும்.

இதைவிட நல்ல வழி, இன்டர்நெட்டையே லேபுக்குள் கொண்டுவருவது. கிவிக்ஸ் என்ற மென்பொருளில் விக்கிப்பீடியாவை அப்படியே ஒரு ஃபைலாக இறக்கிவைக்கலாம், தமிழ் விக்கிப்பீடியாவும் கிடைக்கிறது. ஒரு ஐ3 சிஸ்டத்தில் அதை வைத்து சர்வர் மாதிரி ஓடவிட்டால் மற்ற எல்லா சிஸ்டத்திலும் பிரவுசரில் அந்த முகவரியை அடித்துப் படிக்கலாம். இன்டர்நெட் பில் கிடையாது, விளம்பரம் கிடையாது, பிள்ளைகள் வேறு எங்கும் போகவும் முடியாது. ஒரு சாதாரண சுவிட்ச்சும் லேன் வயரும் போதும். எந்த டெஸ்க்டாப் என்று யோசிக்கிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுங்கள் என்பேன்.

பிள்ளைகளுக்கான மென்பொருளில் டக்ஸ் பெயின்ட் கண்ணை மூடிக்கொண்டு போடலாம், தமிழிலும் காட்டும். ஜிகாம்ப்ரி சின்ன வகுப்புக்கு அருமை, ஆனால் ஜி31 கிராஃபிக்ஸில் தவழும், அதற்குள்ளேயே மென்பொருள் வழி வரைதல் என்று ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டால் ஓடும், சில பயிற்சிகள் மட்டும் சரியாகத் தெரியாது. கட்டைகளை அடுக்கி புரோகிராம் எழுதப் பழகும் ஸ்க்ராட்ச் 3-ஐ ஐ3 நான்கிலும் மட்டும் வையுங்கள். பிளஸ் ஒன், பிளஸ் டூவுக்குக் கவலையே இல்லை, நம் பாடநூலில் இருக்கும் சி++, பைத்தான், மைசீக்வல் எதற்கும் பெரிய சிஸ்டம் தேவையில்லை. ஜீனி (Geany) என்ற எடிட்டர் ஒன்று போதும், எழுதி ஒரு பட்டனைத் தட்டினால் ஓடும். மைசீக்வலுக்குப் பதில் டெபியனில் வருவது மரியாடிபி, பாடத்தில் உள்ள கட்டளைகள் அதிலும் அப்படியே வேலை செய்யும். லிபர் ஆபீஸ் முதல்முறை திறக்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும், எஸ்எஸ்டி இருந்தால் அதுவும் தெரியாது.

தமிழ்த் தட்டச்சை முன்பே சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் பள்ளியில் லினக்ஸ் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். டெஸ்க்டாப் எதுவாக இருந்தாலும் அலுவலக அறையில் இருப்பவர் வினாத்தாளைத் திறந்ததும் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அன்றோடு முடிந்தது. பழைய வினாத்தாள்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருக்கும், அந்த எழுத்துரு ஃபைலை விண்டோஸிலிருந்து எடுத்து பயனர் கோப்புறையில் எழுத்துருவுக்கான இடத்தில் போட்டால் லிபர் ஆபீஸ் அப்படியே காட்டும். மாற்ற வேண்டியதில்லை, முதலில் தெரிந்தால் போதும். புதிதாக அடிப்பது யூனிகோடில் இருக்கட்டும். விசைப்பலகை அமைப்பை மாற்றித் தரும் ஐபஸ்ஸும் அதன் எம்17என் பொதியும் இறக்கினால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு, பழைய தட்டச்சுப்பொறி அமைப்பு மூன்றும் கிடைக்கும். தமிழ்99 என்பது 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டில் முடிவானது, பிள்ளைகளுக்கு அதையே பழக்குங்கள். ஆனால் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர், ஹையர் முடித்த கிளார்க்கிடம் போய் தமிழ்99 கற்றுக்கொள்ளச் சொல்லாதீர்கள். அவர் விரல் முப்பது வருடமாக ஓடுகிற பாதையை மாற்றச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. அவர் சிஸ்டத்தில் தட்டச்சுப்பொறி அமைப்பை வைத்துக் கொடுத்தால் அவரே லினக்ஸுக்கு வக்கீல் ஆகிவிடுவார்.

பிரிண்டரை மறந்துவிடாதீர்கள். எல்லா ஆபீஸிலும் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டர்களில் சில, லினக்ஸில் அழவைக்கும். லைவ் பென்டிரைவில் பூட் செய்து பிரிண்டரைச் சொருகி ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஆபீஸ் சிஸ்டத்தைத் தொட வேண்டும். வரவில்லையா, அந்த ஒன்றை விண்டோஸிலேயே விடுங்கள், கொள்கைக்காக வேலை நிற்கக் கூடாது. விண்டோஸ் 7-ஆக இருந்தால் மட்டும் அதில் இணையத்தைத் திறக்க வேண்டாம். 2023 ஜனவரியில் வந்த குரோம் 109-ஓடு அதற்குக் குரோம் நின்றுவிட்டது, விண்டோஸ் 7-க்கே 2020-இல் ஆதரவு முடிந்துவிட்டது.

டெபியன் போடும் 15-ஐயும் ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை. ஒன்றை முழுசாகத் தயார் செய்து, குளோன்ஜில்லாவில் நகலெடுத்து மற்றவற்றில் இறக்குங்கள். லினக்ஸ் என்பதால் ஜி31-இல் செய்த நகல் எச்61-லும் எழுந்திருக்கும், பெயரை மட்டும் மாற்றினால் போதும். மாணவர் கணக்கு நிர்வாகி உரிமை இல்லாததாக, பாஸ்வேர்டு கேட்காமல் திறப்பதாக இருக்கட்டும். எப்படியும் பட்டையைப் பிடித்து எங்கேயாவது இழுப்பார்கள், சுவர்ப்படத்தில் விஜய்யை வைப்பார்கள், வைக்கட்டும். லாகின் ஆகும்போது எல்லாம் பழையபடி திரும்புகிற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் நான் எழுதித் தருகிறேன். எல்டிஎஸ்பி என்று ஒரே சர்வரிலிருந்து எல்லாவற்றையும் பூட் செய்கிற முறையும் உண்டு, கிரேக்கப் பள்ளிகளில் நன்றாக ஓடுகிறது. நம் ஊர் கரண்ட்டுக்கு அந்த ஒரு சர்வர் படுத்தால் 15-உம் படுக்கும், அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

கடைசியாக ஸ்க்ரூடிரைவர் வேலை. கடற்கரைப் பக்கம் உள்ள பள்ளி என்றால் உப்புக் காற்றில் ரேமின் தங்கப் பற்கள் மங்கிப்போகும், ஆன் செய்தால் பீப் பீப் என்று கத்திவிட்டுத் திரையே வராது. பயந்து கண்டம் செய்துவிடாதீர்கள், ரேமைக் கழற்றி பென்சில் ரப்பரால் அந்தப் பற்களைத் தேய்த்துத் துடைத்துத் திரும்பச் சொருகினால் பத்தில் ஐந்தாறு உயிர்பெறும். அப்புறம் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரியை 15-க்கும் புதிதாகப் போட்டுவிடுங்கள், வாட்ச் கடையிலேயே கிடைக்கும். அது செத்தால் சிஸ்டம் தேதி எங்கேயோ பழைய வருடத்துக்குப் போய்விடும், அப்புறம் எந்த இணையதளத்தைத் திறந்தாலும் பாதுகாப்பில்லை என்று பிரவுசர் மறுக்கும், எல்லோரும் "லினக்ஸில் நெட் வரவில்லை" என்பார்கள். சிபியு பெட்டி தரையில் இருந்தால் ஐப்பசி பிறப்பதற்குள் மேஜை மேல் ஏற்றிவிடுங்கள், 2024 ஃபெஞ்சல் மழையை நான் சொல்லித்தான் உங்களுக்கு நினைவுவர வேண்டும் என்றில்லை.

உடனே 15-ஐயும் மாற்ற வேண்டாம். ஒரு டூயல் கோரில் எஸ்எஸ்டி போட்டு, டெபியன் ஏற்றி, பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பெயர் எழுதி பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, சிஸ்டத்தை ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டுபோங்கள். அங்கே எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர் ஒருவர் இருப்பார் இல்லையா, அவர் மேஜையில் ஒரு வாரம் இருக்கட்டும். என்னென்ன வரவில்லை, எது எங்கே என்று அவர் கேட்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள், அதையெல்லாம் சரிசெய்துவிட்டு நகலெடுக்கலாம்.